கோழியிடம் தோற்ற விமான விசிறி... நெசவால் ஜெயித்த கதை!

தாம்பரத்தில் ஏறி பீச் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். திரிசூலம் ஸ்டேஷன் வந்தால், செல்போனில் மூழ்கியிருக்கும் தலைகள்கூட ஒரு நொடி நிமிரும். எதிரே மீனம்பாக்கம் ஏர்போர்ட்! அடுத்த முறை விமானத்தைப் பார்க்கும்போது, அதன் இன்ஜினின் வாயில் சுழலும் பெரிய விசிறியைக் கவனியுங்கள்.

விசிறிக்கு என்ன வேலை?

ஏ320 நியோ ரக விமானங்கள் பலவற்றில் இருப்பது 'லீப்' இன்ஜின். இதன் விசிறி சுமார் 2 மீட்டர் அகலம். உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு பங்குதான் எரிபொருள் எரியும் பகுதிக்குப் போகிறது. சுமார் 11 பங்கு காற்று, அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் தள்ளப்படுகிறது. விமானத்தை முன்னே செலுத்துவதில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்குத்தான். விசிறி பெரிதானால் எரிபொருள் மிச்சம். ஆனால், எடையும் கூடுமே? அதற்குத்தான் உலோகத்துக்குப் பதில் கார்பன் இழை.

கோழி டெஸ்ட்

இந்த யோசனையை முதலில் பெரிய அளவில் முயன்றது இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ். 'ஆர்.பி.211' இன்ஜினுக்காக கார்பன் இழை பிளேடுகளைச் செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க, 1970-ல் செத்த கோழியைச் சுழலும் விசிறி மீது வேகமாகச் செலுத்தினார்கள். பிளேடுகள் நொறுங்கின. கடைசியில் டைட்டானியத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இன்ஜினுக்கான மொத்தச் செலவும் கைமீறிப்போக, 1971 பிப்ரவரி 4-ம் தேதி நிறுவனமே திவாலானது. பிறகு அந்நாட்டு அரசு அதை ஏற்று நடத்தியது.

அப்பளம் டு பட்டுப்புடவை

கார்பன் இழையை நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறுக்க முடியாது. ஆனால், அப்பளங்களை அடுக்கி ஒட்டியதுபோல அடுக்கடுக்காகச் செய்த பொருளில் பலமாக மோதினால், அடுக்குகள் பிரிந்துவிடும். அதுதான் சிக்கல்.

உறுதியான பிசினும், முன் விளிம்புக்கு டைட்டானியக் கவசமும் கொடுத்து, 1995-ல் 'ஜி.இ.90' இன்ஜினில் இந்த பிளேடுகளைப் பறக்கவிட்டது அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம். 'லீப்' இன்னொரு படி மேலே போனது. காஞ்சிபுரத்தில் பட்டுக்குப் பயன்படுகிற ஜக்கார்டு வகைத் தறியிலேயே கார்பன் இழையை நெய்கிறார்கள். பாவும் ஊடையும் மட்டுமல்ல, மேலிருந்து கீழாகவும் இழை ஓடுகிறது. பிரிவதற்குத் தனித்தனி அடுக்கே இல்லை! நெய்ததை அச்சில் வைத்து, பிசினைச் செலுத்தி இறுக வைத்தால் பிளேடு தயார். பழைய சி.எஃப்.எம்.56-5பி இன்ஜினில் 36 டைட்டானிய பிளேடுகள். லீப்பில் 18 போதும்.

நம் பங்கு?

அப்படியானால் இனி பறவை மோதினால் பயமில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. மிகப் பெரிய பறவை ஒன்று புகுந்தால், இன்ஜின் ஆபத்தில்லாமல் அடங்க வேண்டும் என்பதுதான் சோதனையின் நிபந்தனை. தொடர்ந்து ஓட வேண்டும் என்பதல்ல.

அதனால்தான், விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பை, இறைச்சிக் கழிவைக் கொட்டக் கூடாது என்கிறது 1937-ம் ஆண்டு விமான விதிகளின் 91-வது விதி. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன.

கோழியைத் தாங்கும் பிளேடை நெய்ய விஞ்ஞானிகளுக்குப் பல வருடங்கள் ஆயின. கோழிக்கழிவை ஏரிக்கரையில் வீசாமலிருக்க நமக்கு ஒரு நிமிடம் போதும்!