150 கிராம் கோலும் 90 கிலோ மீனும்

நரம்பின் பலம் 9 கிலோ. அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அந்த நரம்பில் மாட்டிப் படகுக்கு வந்து சேர்ந்த மீனின் எடை ஏறக்குறைய 92 கிலோ!

2001-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் மேற்குக் கரையில் நடந்தது இது. மீனின் பெயர் டார்பன். வெள்ளித் தகடு போலப் பெரிய பெரிய செதில்கள். முள் குத்தியதும் ஆள் உயரத்துக்குத் துள்ளும். 'ஃப்ளை' கோலில் 200 பவுண்டுக்கு மேல் பிடிபட்ட முதல் டார்பன் என்று அது பதிவாயிற்று.

இவ்வளவு பெரிய மீன்களோடு மல்லுக்கு நிற்கும் கோல் எப்படி இருக்கும்? இரும்புக் கம்பி போலவா? இல்லை. நீளம் 9 அடி. எடை சுமார் 150 கிராம். ஒரு டம்ளர் காப்பியின் கனம்கூட இராது.

விலைதான் கனம்! உயர்ந்த ரகக் கோல் 1,000 டாலரைத் தாண்டுகிறது. அவ்வளவு பணம் கொடுத்தும் பலர் தவறான கோலை வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்தத் தவற்றுக்குச் சில சமயம் உயிரைக் கொடுப்பது மீன்.

சாட்டை போல ஒரு கயிறு

ஆற்றங்கரையில் தூண்டில் போட்டவர்கள் ஈயக் குண்டை அறிவார்கள். குண்டின் கனம்தான் நரம்பைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஃப்ளை தூண்டிலில் குண்டு கிடையாது. முள்ளின் மேல் இறகும் ரோமமும் சுற்றிச் சிறு மீன் போலவோ இறால் போலவோ செய்திருப்பார்கள். அதற்குக் கனமே இல்லை. கனம் முழுவதும் கயிற்றில் இருக்கிறது. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சுழற்றுவது போலக் கோலை முன்னும் பின்னும் வீசினால், கயிறு காற்றில் விரிந்து போய் இறகு முள்ளைத் தண்ணீரில் இறக்கும்.

ஆகவே, எந்தக் கயிற்றை எறிய முடியுமோ அந்தக் கயிற்றின் எண்தான் கோலின் எண்.

எண்ணின் கணக்கு

கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். 5-ஆம் எண் கயிற்றில் அந்த 30 அடியின் எடை சுமார் 9 கிராம். இது ஆற்று மீனுக்கு. 8-ஆம் எண்ணில் சுமார் 13½ கிராம். கடலோர ஆழமற்ற நீரில் திரியும் சிறு மீன்களுக்கு இது போதும். 12-ஆம் எண்ணில் ஏறக்குறைய 25 கிராம்.

பெரிய டார்பனுக்கு 11 அல்லது 12-ஆம் எண் கோல் வேண்டும். ஆழ்கடலில் மயில் மீன், சூரை போன்றவற்றுக்குப் போகிறவர்கள் 12 முதல் 14 வரை எடுத்துச் செல்கிறார்கள்.

இந்தியப் பெருங்கடலில் 12-ஆம் எண் கோலுக்கு ஏற்ற எதிரி ஒன்று உண்டு. பாறை மீன் இனத்திலேயே பெரியது அது. நம் கரையில் கூறு போட்டு விற்கும் பாறைக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம். 2006-இல் ஜப்பானில் பிடிபட்ட ஒன்று 72.8 கிலோ இருந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் இந்த மீன் தண்ணீரை விட்டு எழும்பிப் பறவைகளையே கவ்வுகிறது. 2017-இல் வெளியான 'ப்ளூ பிளானட் 2' தொடரில் உலகமே அதைப் பார்த்தது. அந்தமான் கடலிலும் இந்த மீன் உண்டு. அதைத் தேடியே படகு அமர்த்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

கடையில் நடக்கும் தவறு

கோல் வாங்கப் போகிறவர் கடையில் என்ன செய்கிறார்? கோலைக் கையில் எடுத்து இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். விறைப்பாக இருக்கிறது, லேசாக இருக்கிறது, நுனி வேகமாக நிற்கிறது. "பேஷ்! இதுதான் கோல்" என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்.

ஆட்டிப் பார்த்தால் எறிவதற்கு எப்படி என்று ஓரளவு தெரியும். பெரிய மீனிடம் எறிவது சில நிமிட வேலை. அதன்பின் ஒரு மணி நேரம்கூட இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்புக்குக் கோல் தாங்குமா என்பது ஆட்டிப் பார்த்தால் தெரியாது.

தராசு சொல்லும் உண்மை

பழைய பேப்பர் வாங்குகிறவர் கையில் கொக்கியோடு தொங்கும் ஸ்பிரிங் தராசை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதைத் தரையோடு கட்டி, கோலின் நரம்பை அந்தக் கொக்கியில் மாட்டி, கோலை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கோல் வில்லாக வளையும். கை நடுங்கும். நெற்றி வேர்க்கும். தராசு முள்ளோ ஒன்றிரண்டு கிலோவைத் தாண்டத் தயங்கும்!

காரணம் நெம்புகோல் கணக்கு. பாறையை நெம்பும் கடப்பாரையில் நீளமான பக்கம் மனிதன் கையில் இருக்கும். தூண்டில் கோலில் நிலைமை தலைகீழ். நீளமான பக்கம் மீனிடம். குட்டையான பக்கம் மனிதனிடம். நுனியில் ஒரு கிலோ இழுத்தால் மணிக்கட்டில் அது பல மடங்காக ஏறுகிறது.

கோலின்றிக் கையாலேயே நரம்பை இழுக்கும் நம் கடலோர மீனவர் இதைக் கேட்டால் சிரிப்பார். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவையும் சூரையையும் முள்ளில் பிடிக்கிறவர்கள். அவர்கள் கை இழுக்கும் பலம் அப்படியே மீனுக்குப் போகிறது.

கோலைத் தாழ்த்திப் பிடித்து, வளைவு அடிப்பகுதிக்கு வரும்படி இழுத்துப் பார்த்தால், அதே ஆள், அதே கோல், தராசு முள் மளமளவென்று ஏறும். நுனி வளைந்து நீண்டு கொடுத்துவிட, பலமான அடிப்பகுதி இழுப்பை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே பெரிய மீனுக்கான கோலை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அடிப்பகுதியின் பலம். கடைக்காரர் சம்மதித்தால் நண்பர் ஒருவரை நரம்பின் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கோலைத் தாழ்த்தி இழுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு கோல்களை அப்படிப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

அதற்காக உலக்கை போன்ற கோலையும் வாங்கக் கூடாது. மிகவும் விறைத்த கோல் பக்கத்தில் எறிவதற்கு வளைந்து கொடுக்காது. புதியவருக்குத் தோள் வலிதான் மிஞ்சும். எறிவதைவிடத் தூக்குவதே முக்கியம் என்பவர்கள் 9 அடிக்குச் சற்றுக் குறைந்த கோலை வாங்குகிறார்கள். கோல் குட்டையானால் மீன் பக்கத்து நெம்புகோலும் குட்டையாகிறது அல்லவா?

மூங்கில் முதல் கார்பன் வரை

ஒரு காலத்தில் இந்தக் கோல்களைச் சீன மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோல் வந்தது. கனம், ஆனால் முரட்டுத்தனமாக உழைத்தது. 1970-களில் கார்பன் இழைக் கோல் கடைக்கு வந்தது. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதுதான்.

கார்பன் லேசானது, பலமானது. ஆனால் அடி பொறுக்காது. எறியும்போது கனமான முள் கோலில் பட்டுச் சிறு கீறல் விழுந்தால், பிறகு ஒரு நாள் பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் 'படார்' என்று முறியும். படகுக்கு அருகே வந்த மீனைக் கோலை நெட்டுக்குத்தாக உயர்த்தித் தூக்கினாலும் நுனி முறியும். கார்பனில் மின்சாரம் பாயும் என்பதால் மின்கம்பிக்குக் கீழேயும் இடி மின்னலிலும் கோலை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து.

இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

கோலில் உள்ள வளையங்கள் பெரியனவாக இருக்க வேண்டும். மீன் ஓடும்போது கயிற்றில் முடிச்சு விழுந்தாலும் தடையின்றிப் போக வேண்டுமே! ரீல் பூட்டும் இடம் உப்புத் தண்ணீரில் அரிக்காத உலோகமாக இருக்க வேண்டும். அடியில் வயிற்றில் ஊன்றிக்கொள்ள ஒரு சிறு கட்டை வேண்டும். நான்கு துண்டாகக் கழற்றும் கோல் பயணத்துக்கு வசதி.

எல்லாப் பணத்தையும் கோலிலேயே கொட்டிவிடக் கூடாது. ரீலுக்குள் பிரேக் இருக்கிறது. ஓடும் மீனைக் களைக்க வைப்பது அதுதான். கயிற்றுக்குப் பின்னால் 200 மீட்டருக்குக் குறையாமல் மெல்லிய நூல் சுற்றவும் ரீலில் இடம் வேண்டும். கடலிலிருந்து திரும்பியதும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

மீன் பிழைக்க வேண்டும்

"சின்னக் கோலில் பெரிய மீன் பிடித்தேன்" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. கேட்க வீரமாகத்தான் இருக்கும்.

ஆனால் கோல் பலமற்றதாக இருந்தால் போராட்டம் நீள்கிறது. நீள நீள மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. விடுவித்த பிறகும் நீந்தத் தெம்பில்லாமல் மயங்கி மிதக்கிறது. புளோரிடாவில் அந்த நிலைக்காகவே காத்திருக்கிறது கொம்பன் சுறா. களைத்த டார்பனை அது இரண்டு கடியில் முடித்துவிடுகிறது.

2013 முதல் அந்த மாநிலத்தில் டார்பனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சாதனைப் பதிவுக்காகத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைப் படம் எடுப்பதற்காகக்கூடத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது.

விட்டுவிடத்தான் பிடிக்கிறோம் என்றால், விட்ட மீன் பிழைக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் அங்குள்ள அனுபவசாலிகள், "கனமான கோலை எடு, சீக்கிரம் முடி, சீக்கிரம் விடு" என்கிறார்கள்.

அவர்கள் சொல்லித்தரும் இன்னொரு பாடமும் உண்டு. தண்ணீருக்குள் மீனின் எடை தெரியாது. துள்ளி வெளியே வந்தால் முழு எடையும் நரம்பின்மேல் விழும். ஆகவே டார்பன் துள்ளும்போது கோலை நீட்டித் தாழ்த்தி, உடம்பையும் வளைத்துக் கயிற்றைத் தளர விட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அந்த மனிதர் மீனுக்கு வணக்கம் செலுத்துவது போல் இருக்கும்.

1,000 டாலர் கோல் கையில் இருந்தாலும் அந்த வணக்கத்தைத் தவறவிட்டவரின் நரம்பு அறுந்துதான் போகிறது.