மாட்டு வண்டிச் சரிவில் ஒரு சைக்கிள்

அதிகாலை நாலரை மணிக்கு ஒருகொடவத்தைச் சந்தியில் நிற்பவருக்கு, இந்த நாட்டில் மலை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. பேஸ்லைன் வீதியில் கொண்டெய்னர் லொறிகள் வரிசை கட்டி நிற்கும். டீசல் புகையும் ஹோர்ன் சத்தமும் கண்ணையும் காதையும் அடைக்கும். இந்த வட்டாரத்தில் மலை என்று சொல்லத்தக்கதாக இருந்தது மீதொட்டமுல்லைக் குப்பைமேடு ஒன்றுதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அதுவும் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

ஆனால் இதே சந்தியில் சைக்கிளைக் கிழக்கே திருப்பினால் போதும். அம்பத்தலை வீதி வெல்லம்பிட்டி, அங்கொடை, அம்பத்தலை என்று ஓடி, கடுவலை, ஹங்வெல்லை வழியாக அவிசாவளைக்குக் கொண்டுபோய் விடும். இடது கைப் பக்கம் களனி கங்கை எங்கோ அருகில்தான் இருக்கும். வீடுகளுக்கு நடுவில் மறையும், பிறகு தெரியும். 145 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து கொழும்புக்கு வருகிறது. சைக்கிள்காரர் அது வந்த வழியே எதிர்த்துப் போகிறார். மலைநாட்டுக்குப் போக இதைவிட நல்ல வழி கொழும்பில் இல்லை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, பெற்றோல் ஷெட்டுகளில் நாள்கணக்கில் வரிசையில் நின்று சலித்தவர்கள் மூலையில் கிடந்த லுமாலா சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் பலருடைய சைக்கிள் மறுபடி மூலைக்கே போனது. போகாத சிலர்தான் ஞாயிறு காலைகளில் அவிசாவளை வீதியில் இரண்டு மூன்று பேராக மிதித்துக்கொண்டு போவதைக் காணலாம்.

அவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மலை ஏற முடியுமா?”

முடியும். அதற்கான காரணம் சைக்கிளில் இல்லை, றோட்டில் இருக்கிறது. இந்த மலைப் பாதைகளை வெட்டியவர்கள் மோட்டார் வாகனத்தைக் கண்டதில்லை. அவர்கள் மனதில் இருந்தது சுமை ஏற்றிய மாட்டு வண்டி. செங்குத்தான ஏற்றத்தில் மாடு நின்றுவிடும். இறக்கத்தில் வண்டி மாட்டின் மேல் ஏறிவிடும். ஆகவே மலையை நேரே பிளக்காமல், சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். மாட்டுக்குக் காட்டிய இரக்கம் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் உதவுகிறது.

அந்தப் பாதைகளைப் போட்டவர்களில் ஒருவரின் பெயர் கொழும்பிலேயே உண்டு. கொட்டாஞ்சேனைக்காரர்களில் மூத்தவர்கள் ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையை இன்னும் ஸ்கின்னர்ஸ் றோட் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தோமஸ் ஸ்கின்னர் 1820இல் கொழும்பு–கண்டிப் பாதையின் ஒரு பகுதியைப் போடும் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு 16 வயது. பொறியியல் படித்ததில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் சொன்னார், பையன் செய்தான். 1867இல் ஓய்வு பெறும்வரை அவர் போட்ட பாதைகள்தான் இன்றைய வரைபடத்தின் எலும்புக்கூடு. வெட்டிய கைகள் அவருடையவை அல்ல. முதலில் கண்டிக் கிராமத்தவர்கள்; பிறகு மலைக்குள் போன பாதைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களின் பெயரில் தெரு எதுவும் இல்லை.

கண்டிப் பாதையில் மாவனெல்லையைத் தாண்டியதும் கடுகண்ணாவைக் கணவாய் தொடங்கும். உச்சிக்கு அருகில், பாறையைக் குடைந்து வண்டி போக வழி செய்த இடம் இன்றும் இருக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவனுக்கே கண்டி வசப்படும் என்ற பழங்கதையை அந்தத் துளையோடு சேர்த்துச் சொல்வார்கள். பாதையைத் திட்டமிட்ட கப்டன் டோசன் 1829இல் இறந்துபோக, 1832இல் அவர் நினைவாக எழுந்த கோபுரம் உச்சியில் நிற்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் சைக்கிளில் அந்த ஏ1 வீதியை யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வராது: தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வேகத்தில், ஓரத்தில் போகிறவருக்குக் கிடைப்பது ஒரு சாண் தார்.

அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வேறு மாதிரி. நீளம் 119 கிலோமீற்றர். கரவனல்லை, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வரை ஆறு கூடவே வரும். இறப்பர் மரங்களின் நிழலும் வரும். கித்துல்கலையில்தான் 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலத்தைக் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் நாள் இரவு இங்கே தங்குவதுதான் புத்தி. ஏனென்றால் இதற்கு அப்பால் பாதையின் குணமே மாறிவிடும்.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக் கணவாய் ஏறி, வட்டவளை தாண்டி, ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹற்றனை அடைய 40 கிலோமீற்றருக்குள்தான். அதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர வேண்டும். கணக்குப் பார்த்தால் நூறு மீற்றருக்கு மூன்று மீற்றர் அளவு. பிரான்சின் துர்மலே கணவாயில் இந்தச் சரிவு ஏழுக்கும் மேல். 1910 முதல் ‘டூர் டி பிரான்ஸ்’ வீரர்களை அழவைக்கும் ஏற்றம் அது. கினிகத்தேனை யாரையும் அழவைக்காது; ஆனால் விடவும் செய்யாது. வளைவுக்கு வளைவு, இதோ முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு வளைவு.

இங்கேதான் கியர் கணக்கு வருகிறது. சாதாரணச் சைக்கிளில் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், ஒரு மிதிக்குச் சைக்கிள் ஐந்தேகால் மீற்றர் ஓடும். சமதரையில் சொகுசு, மலையில் தண்டனை. முன்னும் பின்னும் 34 பல் என்று சமமாக இருந்தால் ஒரு மிதிக்கு இரண்டு மீற்றர் சொச்சம்தான். வேகம் நடைக்குக் கொஞ்சம் மேல், ஆனால் மூச்சு வாங்காது. ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்தால், கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்கு அந்தப் பாரத்தைத் தூக்க மட்டும் உடம்பு ஏறத்தாழ 1600 கலோரி எரிக்கும். உருட்டிக்கொண்டு போகும் செலவு வேறு.

அந்தக் கணக்கைத் தீர்ப்பவை வழியோரக் கடைகள். கினிகத்தேனையைத் தாண்டினால் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன் டீயும் கிடைக்காத வளைவு குறைவு. கடை அக்கா கிளாஸை வைத்துக்கொண்டே கேட்பார்:

“எங்கருந்து தம்பி வர்றீங்க?”

“ஒருகொடவத்தை, அக்கா.”

“சைக்கிள்லயா? ஏன், பஸ் ஓடலியா?”

பதில் சொல்வது கஷ்டம். கொழுந்துக் கூடையோடு ஒரு நாளில் இதைவிடச் செங்குத்தான சரிவில் ஏறி இறங்கும் பெண்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்து பார்த்துச் சிரிக்கும்போது இன்னும் கஷ்டம்.

ஹற்றனில் இரண்டாவது இரவு. மறுநாள் கொட்டகலை தாண்டி தலவாக்கலைக்கு இறங்கும்போது டெவோன் நீர்வீழ்ச்சியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் றோட்டிலிருந்தே தெரியும். டெவோன் 97 மீற்றர். காரில் போகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். சைக்கிள்காரருக்கு அது அரை மணி நேரம் பக்கத்திலேயே நிற்கும். பிறகு லிந்துலை, நானுஓயா, நுவரெலியா என்று கடைசி ஏற்றம். நானுஓயாப் பக்கம் றதெல்லக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. பெயருக்கேற்றபடி குறுக்கு, ஆகவே செங்குத்து. மாட்டு வண்டிக் கணக்குக்கு அது வெளியே. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். சுற்றுப் பாதையின் அருமை அங்கே போனால்தான் தெரியும்.

ஏற்றத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். ஆளைக் கொல்வது இறக்கம். நுவரெலியாவிலிருந்து வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்லவுக்குப் போய், எல்ல இடைவெளியால் வெல்லவாயவுக்கு இறங்குகிறவர்கள் 1041 மீற்றரிலிருந்து 27 கிலோமீற்றருக்குள் தாழ்நிலத்துக்கு வந்துவிடுவார்கள். ராவணன் நீர்வீழ்ச்சியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே வளைவில் திரும்பும் ஆசை வேண்டாம். பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் றிம் கொதித்து ரியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நடுவில் நின்று றிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும், விரல் சுடாமல். இதே பாதையில் 2025 செப்டெம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டார்கள்.

எந்த மாதம் போவது என்பதை மழைதான் முடிவு செய்யும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் சேர்த்தி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அங்கே ஏறுவது ஆற்றுக்குள் மிதிப்பது போல. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஊவாப் பக்கம் நேர்மாறு: ஹற்றன் நனையும் ஜூலையில் பண்டாரவளையில் வெயில் காயும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைநாடு முழுக்க மண் சரிந்து, பாதைகள் துண்டு துண்டாக அறுந்தன. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலைக்குக் கிளம்புகிறவர்கள் வானிலையை மட்டும் பார்ப்பதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையில் எந்தப் பிரதேசம் மஞ்சள், எது சிவப்பு என்று பார்த்துவிட்டே டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.

நுவரெலியாவிலிருந்து திரும்பி வர, இறக்கத்துக்குத் தெம்பில்லாதவர்களுக்கு, ரயில் ஓடும் காலத்தில், நானுஓயா ஸ்டேஷன் இருக்கிறது. 1885இல் ரயில் வந்து சேர்ந்த இடம். பார்சல் கவுண்டரில் சைக்கிளை நிறுத்து, சீட்டு எழுதி, ஹேண்டிலில் கட்டி, சாமான் பெட்டியில் ஏற்றுவார்கள். மருதானையில் இறக்கி வாங்கும்போது இரவு ஆகியிருக்கும். அங்கிருந்து தெமட்டகொடை வழியாக ஒருகொடவத்தைக்கு மூன்று கிலோமீற்றர் சொச்சம், ஒரே சமதரை. பேஸ்லைன் வீதியில் கொண்டெய்னர் லொறிகள் அதே இடத்தில் நிற்கும். பின்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போக வேண்டும்.