மேடு ஏற எந்த சைக்கிள்?

செங்கல்பட்டில் ஒரு கடையில் இரண்டு மின்சார சைக்கிள்கள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 250 வாட் மோட்டார். இரண்டிலும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரி. ஒன்றில் மோட்டார் பின் சக்கரத்தின் ஹப்பில் இருக்கிறது. மற்றதில் பெடல் அச்சில் இருக்கிறது. அதன் விலையும் அதிகம். "எல்லாம் ஒன்றுதானே, விலை குறைந்ததை எடுத்துக்கொள்வோம்" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானா?

எண்கள் ஒத்திருப்பதில் வியப்பில்லை. 250 வாட் எல்லைக்குள்ளும் 25 கி.மீ. வேகத்துக்குள்ளும் அடங்கும் வண்டியை, எடை முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் பலரும் அந்த எல்லைக்கே வந்து நிற்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே சறுக்கி விளையாடியிருக்கிறீர்களா? உங்கள் எடையின் ஒரு பகுதி சரிவின் வழியே உங்களைக் கீழே இழுக்கிறது. மேடு ஏறும் சைக்கிள் எதிர்த்து நிற்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான். நீங்களும் சைக்கிளுமாக 80 கிலோகிராம் என்போம். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் மேட்டில் அந்த இழுப்பு ஏறக்குறைய 65 நியூட்டன். டயரின் உருளல் தடையையும் சேர்த்தால் 73. சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில் போகக் காற்றுத் தடை உட்பட 20 நியூட்டன் அளவே போதும். மேட்டில் மூன்றரை மடங்கு விசை வேண்டியிருக்கிறது!

மோட்டாரின் திருப்புவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஹப் மோட்டார் மூன்றரை மடங்கு விசை தர வேண்டுமானால் மின்னோட்டமும் ஏறத்தாழ அத்தனை மடங்காக வேண்டும். கம்பிச் சுருளில் தோன்றும் வெப்பமோ, ஜூல் விதிப்படி, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதாவது சுமார் 12 மடங்கு! போதாக்குறைக்கு, 250 வாட்டைக் கொண்டு இந்த மேட்டில் மணிக்கு 12 கி.மீ.தான் போக முடியும். சக்கரம் மெதுவாகச் சுழன்றால் ஹப் மோட்டாரும் மெதுவாகத்தான் சுழல வேண்டும். 25 கி.மீ. வேகத்துக்கு அமைத்த மோட்டார் பாதி வேகத்தில் திணறும்போது பாட்டரியின் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது. சில ஹப் மோட்டார்களுக்குள் சிறு பற்சக்கரங்கள் உண்டு. அவை உதவும், ஆனால் அவற்றின் விகிதத்தை நீங்கள் மாற்ற முடியாது.

பெடல் அச்சு மோட்டாரின் விசை செயின் வழியாகப் போகிறது. மேடு வந்ததும் பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்துக்குச் செயினை மாற்றினால் சக்கரம் மெதுவாகச் சுழலும். மோட்டார் தனக்கு உகந்த வேகத்திலேயே சுழலும். மின்னோட்டம் அளவோடு நிற்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஹப் வண்டியிலும் "ஏழு கியர்" என்று எழுதியிருக்கலாம். அந்த ஏழும் உங்கள் கால்களுக்குத்தான், மோட்டாருக்கு அல்ல. அதேபோல் கியரே இல்லாத பெடல் அச்சு வண்டிக்கு அதிக விலை கொடுப்பதில் மேடு ஏறுவதைப் பொறுத்தவரை பெரிய லாபம் இல்லை.

இந்த இரண்டு யோசனைகளும் புதியவை அல்ல. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895-இல் பின் சக்கர ஹப்பில் மோட்டார் வைத்துக் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில், 1897-இல், ஹோசியா லிப்பி பெடல் அச்சில் வைத்தார்!

இனி ஏற்காட்டுக்குப் போவோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். 1,000 மீட்டர் உயரம், 20 கி.மீ. தூரம் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு 218 வாட்-மணி, உருளல் தடைக்கு 44, மொத்தம் 262. பாட்டரியில் இருப்பது 360. நூற்றுக்கு 75 பங்கு பயன்தரும் மோட்டாருக்கு 270 கிடைக்கும். மயிரிழையில் உச்சியை எட்டிவிடும். திணறிப் பாதியை வெப்பமாக இழக்கும் மோட்டாருக்குக் கிடைப்பது 180. மீதி 82-ஐ உங்கள் கால்கள் தர வேண்டும். 75 வாட் வீதம் மிதித்தால் ஒரு மணிக்கும் மேல்!

ஆனால் நீங்கள் தினமும் போவது ஏற்காட்டுக்கா? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை பெரும்பாலும் சமதளம். பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் போன்றவைதாம் அதில் மேடு. அந்த வழியில் பிற்பகலில் எதிர்ப்படும் பகைவன் கடற்காற்று. 20 கி.மீ. வேகத்தில் போகும்போது 15 கி.மீ. காற்று எதிரே வீசினால் காற்றுத் தடை மூன்று மடங்காகும். அப்போதும் சக்கரம் வேகமாகவே சுழல்வதால் ஹப் மோட்டார் திணறுவதில்லை. சுமார் 230 வாட்டில் வேலை முடிந்துவிடும். செயின் தேய்மானமும் குறைவு. ஆகவே இந்தச் சாலைக்கு அப்பா சொன்னதே சரி. ஏலகிரியிலோ கோத்தகிரியிலோ வசிக்கும் மாணவர் மட்டும் அவரோடு வாதாடலாம்.

கடைக்காரர் சமதளத்தில்தான் ஓட்டிக் காட்டுவார். நீங்கள் வண்டியைப் பக்கத்து மேம்பாலத்துக்குக் கொண்டுபோங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில், ஏற்றத்தின் நடுவே ஓரமாக நிறுத்தி, அங்கிருந்தே கிளப்புங்கள். நான்கைந்து முறை ஏறி இறங்கிய பின் மோட்டார் உறையின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாதீர்கள், சுடும்.