20 இருக்கும் இடத்தில் 21-வதைத் தேடினால்? சி மொழியின் அரே, பாயின்டர் ஓர் எளிய விளக்கம்

2024 ஜூலை 19. உலகம் முழுக்க ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோன நாள். இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட விண்டோஸ் கருவிகள் சுமார் 85 லட்சம் என்றது மைக்ரோசாஃப்ட்.

காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட். 20 தகவல்கள் மட்டுமே இருந்த அரேயில், அதன் மென்பொருள் 21-வதைப் படிக்கப் போனது. சி, சி++ எழுதுபவர்களுக்கு இது பழகிய ஆபத்து. அரேயும் பாயின்டரும் புரிந்தால் இதுவும் புரிந்துவிடும்.

அரே என்றால் என்ன?

ஒரே வகை டேட்டாவை மெமரியில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வைப்பதுதான் அரே. 5 பாட மதிப்பெண்களுக்கு 'மார்க்' என்று ஓர் அரே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் பொதுவாக 4 பைட். முதல் எண் 1000 என்ற முகவரியில் இருந்தால், மற்றவை 1004, 1008, 1012, 1016-ல் இருக்கும்.

பாயின்டர் என்றால்?

ஒரு முகவரியைச் சேமித்து வைக்கும் வேரியபிள். அவ்வளவுதான். அதில் 1000 இருக்கும்போது 1-ஐக் கூட்டினால் 1001 வராது, 1004 வரும். ஏன்னா, அது ஒரு பைட் நகராது. ஒரு முழு எண்ணைத் தாண்டும்.

மார்க்[2] என்று எழுதினாலும் நடப்பது இதேதான். தொடக்கத்திலிருந்து 2 எண்கள் தள்ளிப் போய், 1008-ல் இருப்பதை எடுக்கும். முதல் எண்ணுக்குத் தள்ளிப் போகவே வேண்டாம். அதனால்தான் கணக்கு 0-வில் தொடங்குகிறது.

அப்போ இரண்டும் ஒன்றா?

இல்லை. இன்டர்வியூவில் தடுமாற வைக்கும் கேள்வி இது. 'சைஸ்ஆஃப்' போட்டுப் பாருங்கள். 'மார்க்' அரேக்கு 20 பைட் என்று வரும். அதையே ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ளே கேட்டால், 64 பிட் கம்ப்யூட்டரில் 8 என்று வரும். உள்ளே போனது அரே இல்லை, முதல் எண்ணின் முகவரி மட்டும்தான். தெருவின் முதல் வீட்டு விலாசம் கையில் இருக்கிறது. தெருவில் எத்தனை வீடு என்பது அந்தச் சீட்டில் இல்லை.

ஆபத்து எங்கே?

மார்க்[5] என்று கேட்டால் 1020-க்குப் போகும். அது நம் இடமே இல்லை. ஜாவா, பைத்தான் என்றால் உடனே எரர் காட்டும். சி மொழி எல்லையைச் சரிபார்க்காது. சில நேரம் குப்பை எண் வரும், சில நேரம் க்ராஷ் ஆகும், சில நேரம் எல்லாம் சரி போலவே ஓடும். மூன்றாவதுதான் மோசம். டெஸ்ட்டில் பாஸாகி, லைவில் காலை வாரும்.

கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் விண்டோஸின் மையமான கெர்னலில் ஓடியது. அதனால் அது விழுந்தபோது முழு கம்ப்யூட்டரும் விழுந்தது.

எப்படித் தப்பிப்பது?

* அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது, அதில் எத்தனை எண்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.
* வெளியிலிருந்து வரும் இண்டெக்ஸை, பயன்படுத்தும் முன் எல்லையோடு ஒப்பிடுங்கள்.
* லூப்பில் 'i < 5' போதும். 'i <= 5' என்றால் ஆறாவது வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்.
* கம்பைலரின் வார்னிங்குகளை ஆன் செய்யுங்கள். டெஸ்ட்டின்போது அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டுங்கள்.

கிரவுட்ஸ்ட்ரைக் பிறகு செய்த திருத்தங்களில் ஒன்றும் இந்த எல்லைச் சோதனைதான்.