ஒரு காலத்துல உலகத்துல மொத்தமே 2 கல்தான்! மாணிக்கம் மாதிரியே இருக்கும் 'பெயினைட்'... அப்படி என்ன ஸ்பெஷல்?

கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரைத் தொடாத விரல்கள் குறைவு. அதில் இருக்கும் முக்கியமான தனிமம் போரான். அதே போரான், ஒரு காலத்தில் உலகிலேயே மிக அரிதான ரத்தினக் கனிமம் என்று கின்னஸில் இடம்பிடித்த ஒரு கல்லிலும் இருக்கிறது. அந்தக் கல்லின் பெயர், பெயினைட்.

'பெயின்' என்றதும் வலி ஞாபகம் வரலாம். ஆனால், இது ஒருவரின் பெயர். மியான்மரில் ரத்தினக் கற்களைச் சேகரித்து வந்த பிரிட்டிஷ்காரர் ஆர்தர் பெயின். மாணிக்கத்துக்கு உலகப் புகழ்பெற்ற மோகோக் பகுதியில் கிடைத்த, 1.7 கிராம் எடையுள்ள ஓர் அடர்சிவப்புக் கல்லை 1954-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சோதித்த நிபுணர்கள், இது உலகம் இதுவரை பார்க்காத கனிமம் என்று கண்டுபிடித்து, 1957-ல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

மாணிக்கம் இல்லை என்று எப்படித் தெரிந்தது?

நிறம் கிட்டத்தட்ட மாணிக்கம்தான். அடர்த்தியும் ஏறக்குறைய அதேதான்... தண்ணீரைப்போல 4 மடங்கு. வித்தியாசம், ஒளியில் தெரிந்தது. ஒரு கல்லுக்குள் ஒளி எந்த அளவுக்கு வளைகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண், மாணிக்கத்துக்குச் சுமார் 1.76 முதல் 1.77 வரை. பெயினைட்டுக்கு 1.79 முதல் 1.82 வரை. கடினத்தன்மையிலும் மாணிக்கம் 9 என்றால், இது 8.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு திசையில் பார்த்தால் மாணிக்கச் சிவப்பு. அதே கல்லைத் திருப்பிப் பார்த்தால் வெளிறிய பழுப்பு கலந்த ஆரஞ்சு!

20 வருடம் ஒளிந்திருந்த உலோகம்

உண்மையான சஸ்பென்ஸ் இதற்குப் பிறகுதான். ஆய்வுக்குக் கிடைத்தது மிகச் சிறிய மாதிரி என்பதால், ஆரம்பத்தில் எழுதப்பட்ட வேதியியல் வாய்பாட்டில் ஒரு முக்கியமான உலோகம் விடுபட்டுப் போனது. அது சிர்க்கோனியம். கல்லின் எடையில் 100-க்கு 13 பங்குக்கும் மேல் அதுதான்! 1976-ல் படிகத்தின் உள்கட்டமைப்பை ஆராய்ந்தபோதுதான் இது வெளியே வந்தது.

திருத்தப்பட்ட கணக்கு இதுதான். பெயினைட்டின் அடிப்படை அலகில் 30 அணுக்கள். அதில் ஆக்ஸிஜன் 18, அலுமினியம் 9, கால்சியம் 1, சிர்க்கோனியம் 1, போரான் 1. சிர்க்கோனியமும் போரானும் இயற்கையில் ஒரே கனிமத்தில் சேர்ந்து இருப்பதே அபூர்வம். இந்தக் கல் அரிதாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஒரே ஒரு போரான்... ஆனாலும் 'போரேட்'

அலுமினியம்தான் இவ்வளவு இருக்கிறதே, பிறகு ஏன் இதை போரேட் குடும்பத்தில் சேர்க்கிறார்கள்? கனிமங்களை வகைப்படுத்தும்போது, எந்த உலோகம் அதிகம் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. உலோகங்கள் எந்த அணுக்கூட்டத்தோடு பிணைந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம். பெயினைட்டில் அந்த ஒற்றை போரான், 3 ஆக்ஸிஜன்களோடு சேர்ந்து ஒரு தட்டையான முக்கோணமாக நிற்கிறது. அதுதான் போரேட்டின் அடையாளம். அதனால், 'நீர் இல்லாத போரேட்' வரிசையில் இதற்கு இடம்.

இதே கால்சியம் போரேட் சொந்தத்தில் கோல்மனைட் என்று ஒன்று உண்டு. துருக்கியில் ஏராளமாக வெட்டி எடுக்கிறார்கள். கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படுகிறது. அதற்குள் நீர் உண்டு. கடினத்தன்மையும் 4.5-தான். குடும்பம் ஒன்று, குணம் வேறு!

2-லிருந்து ஆயிரக்கணக்கில்...

பல ஆண்டுகள் உலகம் முழுக்க இருந்தது 2 படிகங்கள் மட்டுமே. மூன்றாவது 1979-ல்தான் அடையாளம் காணப்பட்டது. அமெரிக்காவின் கால்டெக் பேராசிரியர் ஜார்ஜ் ராஸ்மேன், ஆரம்பத்தில் கிடைத்த படிகங்களுக்கு வரிசை எண் போட்டுப் பட்டியலே வைத்திருக்கிறார்.

2005 வாக்கில் காட்சி மாறியது. மோகோக் பகுதியில், சலவைக்கல்லும் கிரானைட் வகைப் பாறையும் சந்திக்கும் இடங்களில் பெயினைட்டின் பிறப்பிடம் தெரியவந்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான படிகங்களும் துண்டுகளும் கிடைத்தன. ஆனால், பெரும்பாலானவை உடைந்தவை, கறுத்தவை. பட்டை தீட்டி நகையில் பதிக்கும் தரத்தில் இருப்பவை இன்றும் மிகக் குறைவு.

வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு...

ஒரு காரட் 60,000 டாலர் வரை போகும் என்று இணையத்தில் வலம் வரும் விலை, எல்லா பெயினைட்டுக்கும் பொருந்தாது. தெளிவான, பட்டை தீட்டிய கல் வேறு. சிறு துண்டு வேறு. நிறத்தைப் பார்த்து மட்டும் இதை உறுதி செய்யவும் முடியாது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் அவசியம்.

கல் வரும் இடத்தின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரில் வெடித்த உள்நாட்டுப் போர் மோகோக்கையும் விடவில்லை. 2024 ஜூலையில் டிஎன்எல்ஏ என்ற ஆயுதக்குழு அந்த நகரைக் கைப்பற்றியது. ரத்தினச் சுரங்கங்களின் வருமானம் அங்கே சண்டைக்கும் காரணம், சண்டைக்கான பணமும் கூட. அந்த மண்ணிலிருந்து வரும் எந்தக் கல்லாக இருந்தாலும், யார் கைமாறி வந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.