மலை சிறுக்கும், முகம் நீளும்: அகலக் கோண லென்ஸில் கவனிக்க வேண்டியவை

கேமரன் மலை – சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் காட்சி மாடத்தில் நிற்பவர்கள், பச்சைச் சரிவு முழுவதையும் ஒரே படத்தில் அடக்க, கைப்பேசியில் 0.5 என்ற பொத்தானைத் தொடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மலை மேடுபோல் சிறுத்திருக்கும். ஓரத்தில் நின்ற பாட்டியின் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும்.

காரணம், அந்தப் பொத்தான் இயக்கும் அதி அகலக் கோண லென்ஸ். 2019இல் வெளிவந்த ஐபோன் 11இல் இதன் பார்வைக் கோணம் 120 பாகை. அவ்வளவு பரந்த காட்சியைத் தட்டையான படத்தில், நேர்கோடுகள் வளையாமல் காட்ட வேண்டுமானால் ஓரங்களை இழுத்தே ஆக வேண்டும். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து பெரிதாகத் தெரிவதைப் போன்றதுதான் இதுவும். படத்தின் மையத்திலிருந்து 45 பாகை விலகி நிற்பவரின் தலை, வெளிப்பக்கமாக ஏறக்குறைய 1.4 மடங்கு நீளும்.

நேர்கோடுகள் பீப்பாய்போல் வெளியே வளைவது வேறு கோளாறு. இது லென்ஸின் குறை. பெரும்பாலான கைப்பேசிகள் இதைத் தாமாகவே சரிசெய்கின்றன. கேமராவில் எடுத்த படத்தை லைட்ரூம் போன்ற மென்பொருளில் திருத்தலாம். ஆனால், கோடு நேரானாலும் முகம் நேராகாது.

மூன்றாவது, சாய்வு. கோயில் கோபுரத்தை எடுக்கக் கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிட்டு, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடலாம்.

குடும்பப் படத்துக்கு முடிந்தவரை பின்னால் நகர்ந்து 1 என்ற வழக்கமான லென்ஸிலேயே எடுப்பது நல்லது. பழைய லயத்து வாசல்போல் பின்னால் நகர இடமில்லாதபோதுதான் அகல லென்ஸ் தேவைப்படும். அப்போது ஒரே வரிசையில் நீளமாக நிறுத்தாமல் இரண்டு மூன்று வரிசைகளாக நெருங்கி நிற்கச் செய்யலாம். படத்தின் இரு ஓரங்களிலும் ஆள் இல்லாமல் சுவரோ செடியோ இருக்கட்டும்.

இயற்கைக் காட்சிக்கு இதே லென்ஸின் குணம் கைகொடுக்கும். அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டுவதால், தேயிலைச் செடிக்கு ஓரிரு அடி தூரத்தில் தாழ்வாகப் பிடித்தால் கொழுந்து முன்னே எழும்பி நிற்கும். நிரைகள் மலை உச்சிவரை ஓடும். தொலைவிலுள்ள மலையே முக்கியம் என்றால், 1 லென்ஸில் பனோரமா எடுப்பதே சரி.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களுக்கு, பிறந்த லயத்தின் முன் எடுத்த ஒரு படமே மிச்சம். அதை எடுக்கும்போது முதியவர்களை நடுவில் உட்கார வையுங்கள். கலைந்து போவதற்குள் ஓர முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.