மன்னர் முறித்த ஒப்பந்தம்

1689 ஜனவரி இறுதியில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் ஒரு விசித்திரமான வாக்கெடுப்பு நடந்தது. மன்னருக்கும் மக்களுக்கும் இடையே ஆதியில் ஓர் ஒப்பந்தம் இருந்ததா, இல்லையா என்பதே கேள்வி. அப்படியொரு பத்திரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சட்ட வல்லுநர்களை அழைத்து விசாரித்த பிறகு, சொற்பப் பெரும்பான்மையில் 'இருந்தது' என்று முடிவானது. நடந்த சரித்திரத்தைக் கைதூக்கித் தீர்மானித்த சபை உலகில் அதிகம் இருந்திருக்காது. ஆனால் அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. முந்தைய நவம்பரில் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஹாலந்திலிருந்து பெரும் படையோடு வந்திறங்கியிருந்தார். மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டு ஓடியவர், பிடிபட்டு, மீண்டும் தப்பிப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்திருந்தார். 'ஆதி ஒப்பந்தத்தை முறித்த ஜேம்ஸ் ஆட்சியைத் துறந்துவிட்டார், அரியணை காலியாக இருக்கிறது' என்று மக்கள் சபை ஜனவரி 28 அன்றே தீர்மானம் போட்டிருந்தது.

அரசின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடையாகவே சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த அதிகாரம் எப்போது தீர்ந்துபோகிறது என்ற கேள்விதான் அதன் உண்மையான களம் என்பேன். ராபர்ட் ஃபில்மர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1680இல் அவர் நூல் அச்சானது. ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த தந்தையதிகாரமே வழிவழியாக மன்னர்களிடம் வந்தது என்பது அவர் வாதம். தந்தையைப் பதவிநீக்கம் செய்ய முடியுமா? ஒப்பந்தம் பேசிய தாமஸ் ஹாப்ஸும் கதவைத் திறந்துவைக்கவில்லை. முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1651இல், உள்நாட்டுப் போரின் ரத்தம் காயாத நிலையில் 'லெவியத்தான்' வெளிவந்தது. அதில் ஒப்பந்தம் செய்துகொள்பவர்கள் குடிமக்கள் மட்டுமே. தங்களுக்குள் பேசி முடித்து, எல்லா அதிகாரத்தையும் ஆள்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். கையெழுத்தே போடாத ஆள்பவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று எப்படி வழக்காடுவது? ஹாப்ஸின் சாமர்த்தியம் முழுவதும் அந்த ஓர் ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. ஜான் லாக் அங்கேதான் கைவைத்தார். மக்கள் முதலில் தங்களுக்குள் ஒரு சமூகமாகக் கூடுகிறார்கள். பிறகு ஆள்பவரை அறங்காவலராக அமர்த்துகிறார்கள். உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காக்கவே அந்தப் பொறுப்பு. அதற்குத் துரோகம் செய்தால் அதிகாரம் கொடுத்தவர்களிடமே திரும்பிவிடும். துரோகம் நடந்ததா என்று தீர்ப்பளிப்பவர்களும் அவர்களே.

இந்தக் கோட்பாட்டைப் பலமாக அடித்தவர் டேவிட் ஹியூம். ஏறக்குறைய எல்லா அரசுகளும் படையெடுப்பிலோ அபகரிப்பிலோ பிறந்தவை, சம்மதம் எங்கே வந்தது என்று 1748இல் கேட்டார். ஒரு நாட்டில் வாழ்வதே மௌன சம்மதம் என்று லாக் சொல்லியிருந்தார். தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன் நடுக்கடலில் குதிக்காமல் இருப்பதை, மாலுமிக்குக் கொடுத்த சம்மதம் என்பீர்களா என்பது ஹியூமின் பதில். 1689இலும் சில நூறு பேர்தான் பல லட்சம் பேருக்காக முடிவெடுத்தார்கள் என்று அவர் சுட்டிக்காட்டியதில் தவறில்லை. சரித்திரமாகப் பார்த்தால் வழக்கு ஹியூமின் பக்கமே. ஆனால் அபகரிப்பில் பிறந்த அரசையும் மக்கள் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள்; ஒரு கட்டத்தில் பொறுக்க மறுக்கிறார்கள். அந்த மறுப்பைக் கலகம் என்று சொல்லாமல் உரிமை என்று சொல்ல ஒரு மொழி வேண்டியிருந்தது. ஆதி ஒப்பந்தம் அதைத் தந்தது.

வில்லியமின் படை இல்லாவிட்டால் அந்தச் சபையே கூடியிருக்காதே என்று கேட்கலாம். அரியணையில் யார் அமர்வது என்பதைப் பெருமளவு அந்தப் படைதான் தீர்மானித்தது. ஆனால் என்ன உரிமையில் அமர்வது என்பதை விவாதம் தீர்மானித்தது. வென்றவன் என்ற உரிமையில் வில்லியம் முடிசூடியிருந்தால் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்பட வேண்டியிருந்திருக்காது. உரிமைப் பிரகடனத்தை முதலில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான், பிப்ரவரி 13 அன்று அவருக்கும் அவர் மனைவி மேரிக்கும் மகுடத்தை வழங்கினார்கள். டிசம்பரில் அது சட்டமானபோது 'ஆதி ஒப்பந்தம்' என்ற தொடர் அதில் இல்லை. பதிலாக அதன் பலன்கள் இருந்தன: நாடாளுமன்றம் இசையாமல் வரி கூடாது, அமைதிக் காலத்தில் அதன் அனுமதியில்லாமல் நிரந்தரப் படை கூடாது. என்றோ ஒருமுறை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சம்மதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. ஹியூமின் கேள்விக்குச் சரியான பதிலைச் சித்தாந்தத்தைவிட இந்த நடைமுறையே தந்தது.

அந்தச் சம்மதம் யாரிடம் கேட்கப்பட்டது என்பது வேறு கதை. பெண்களிடம் இல்லை, சொத்தில்லாதவர்களிடம் இல்லை. ஆட்சி சம்மதத்தால் என்று எழுதிய லாக்கே, ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். 1698இல் அவருடைய நண்பர், டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ, தங்கள் சம்மதமில்லாமல் இங்கிலாந்து தங்களுக்குச் சட்டம் இயற்றக் கூடாது என்று அயர்லாந்துக்காக வாதிட்டு ஒரு நூல் எழுதினார். வாதம் லாக்கினுடையதுதான். இங்கிலாந்தின் மக்கள் சபை அந்த நூலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கோட்பாடு பொய் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பொய்யான வாதத்தைக் கண்டு ஒரு நாடாளுமன்றம் அவ்வளவு பதறியிருக்காது. 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் அதே வாதத்தைக் கையிலெடுத்து, மூன்றாம் ஜார்ஜ் செய்த மீறல்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுப் பிரிந்துபோயின. பிரிட்டனிலோ, ராணுவத்தை நடத்தும் சட்டம் இன்றும் தானாக உயிரோடிருப்பதில்லை. அதை நீட்டிக்க ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். 5 ஆண்டுக்கொருமுறை புதிதாகச் சட்டமே இயற்ற வேண்டும்.